யோர்தான் துறை

எரிகோவைத் தாண்டியதும் சாலையின் இருபுறமும் முள்வேலி. வேலியில் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைகள். அந்தச் சாலை கஸ்ர் எல் யாஹூத் என்ற ஆற்றுத்துறையில் போய் முடிகிறது. இயேசு ஞானஸ்நானம் பெற்ற இடமாகக் கிறிஸ்தவர்கள் காலங்காலமாக வந்துபோன துறை. 1967 அரபு-இஸ்ரேல் போருக்குப் பிறகு மூடிக்கிடந்து, 2011-ல்தான் வழக்கமான வருகைக்குத் திறந்தது.

யோர்தான் என்றதும் மனதில் ஓடுகிற பெரிய ஆறு இங்கே இல்லை. மேலேயே பயிருக்கும் குடிக்கவும் எடுத்தது போக மீந்தது, நாணலுக்கு நடுவே பழுப்பாக நகர்கிறது. அகலம் பத்து மீட்டர் இருந்தால் அதிகம். அக்கரை ஜோர்டான் நாடு. அங்கேயும் படிகள், அங்கேயும் வெள்ளை அங்கிகள். நடுவில் மிதக்கும் கயிறுதான் எல்லை. இக்கரை நிழலில் ஒரு சிப்பாய், தோளில் துப்பாக்கியோடு சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருக்கிறான்.

குஷ்டம் தீர இந்த ஆற்றில் ஏழுதரம் முழுகு என்று எலிசா தீர்க்கதரிசி சொல்லியனுப்பியபோது, எங்கள் தமஸ்குவில் இல்லாத ஆறா என்று கோபித்துக்கொண்டு கிளம்பினான் நாகமான் என்ற சீரியத் தளபதி. தண்ணீரைப் பார்த்தால் அவன் பக்கமும் நியாயம் இருப்பதாகவே படுகிறது.

படியில் இறங்குபவர்களில் பாதிப்பேர் ஊரிலேயே ஞானஸ்நானம் பெற்றவர்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்றுமுறை தாங்களே முங்கி, சிலுவை போட்டு, சிரித்தபடி ஏறுகிறார்கள். கூட்டத்தில் தமிழும் கேட்கிறது. "பாட்டிம்மா, பாத்து, வழுக்கும்." பாட்டி கடைசிப் படியில் நின்று தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொள்கிறார். உள்ளே இறங்கவில்லையா என்று கேட்ட பெண்ணிடம், "எனக்குக் கைக்குழந்தையிலயே குடுத்துட்டாங்கம்மா, அதெல்லாம் ஒருதரந்தான்" என்கிறார். சொல்லிவிட்டுக் காலி பாட்டிலில் ஆற்றைப் பிடிக்கிறார். ஒரே ஞானஸ்நானம் என்று பவுல் எபேசியருக்கு எழுதியதைப் பாட்டி இத்தனை சுருக்கமாக முடித்துவிட்டார். கைக்குழந்தைக்குக் கொடுப்பது சரியா என்பது சபைகளுக்குள் முடியாத வழக்கு. அதில் நான் தலையிடுவதாக இல்லை.

அடுத்து இறங்குகிற இளைஞனுக்கு இதுதான் முதல்முறை என்று நடையிலேயே தெரிகிறது. போதகர் மார்பளவு தண்ணீரில் நிற்கிறார். அங்கிக்குள் காற்று புகுந்து பலூனாக உப்ப, அவன் அதை இரு கையாலும் அமுக்குகிறான். போதகர் அவன் கைகளை மார்பின்மேல் குறுக்காக மடித்து வைக்கிறார். ஒரு கை அவன் பிடரியில், மற்றது மடித்த கைகளின் மேல். ஏதோ கேட்கிறார், அவன் தலையாட்டுகிறான். அப்படியே மல்லாக்கச் சாய்க்கிறார். அந்தக் கணத்தில் அவன் பாதங்கள் சேற்றைவிட்டுக் கிளம்பிவிட்டன. பிடித்திருப்பவர் விட்டால் அவனால் ஒன்றும் செய்ய முடியாது. முகம் மறைகிறது, மேலே பழுப்புத் தண்ணீர் மூடிக்கொள்கிறது.

சவத்தைக் கிடத்துகிற கிடத்தல்தான் இது. பவுல் ரோமருக்கு எழுதும்போது இதைக் குளியலாகப் பேசவில்லை. கிறிஸ்துவோடு சேர்த்துப் புதைக்கப்படுவதாகவும், அவர் எழுந்ததுபோல் புது வாழ்வுக்கு எழுவதாகவும் பேசினார். இயேசுவே தமக்கு வரப்போகும் பாடுகளை ஞானஸ்நானம் என்றார். தம் வலப்பக்கமும் இடப்பக்கமும் ஆசனம் கேட்டு வந்த யாக்கோபிடமும் யோவானிடமும், நான் பெறும் ஞானஸ்நானத்தை உங்களால் பெற முடியுமா என்று கேட்டார். முடியும் என்றார்கள் இருவரும், என்ன கேட்கப்படுகிறது என்று புரியாமலே.

இளைஞன் எழுந்துவிட்டான். இருமுகிறான். இறங்கியபோது வெளுப்பாக இருந்த அங்கி, இப்போது இடுப்புக்குக் கீழே சேற்று நிறம். காதோரம் ஒரு நாணல் இலை ஒட்டியிருக்கிறது. சுத்தம் என்று பார்த்தால் ஆள் முன்னைவிட அழுக்கு. பேதுரு தம் நிருபத்தில் இதற்கு முன்கூட்டியே பதில் வைத்திருக்கிறார்: உடம்பழுக்கைப் போக்குகிற காரியம் இல்லை இது, நல்ல மனச்சாட்சியோடு கடவுளை நோக்கிச் செய்யும் உடன்படிக்கை என்று. அதற்கு அவர் காட்டும் முன்மாதிரி நோவா காலத்து வெள்ளம். பேழையிலிருந்து பிழைத்தவர் எட்டே பேர். தண்ணீர் சாதுவான பொருள் என்று வேதாகமம் லேசில் நம்புவதில்லை.

கரையில் செல்போன்கள் உயர்ந்திருக்கின்றன. இளைஞனின் அண்ணனோ நண்பனோ, போதகரை இன்னொருமுறை அதே இடத்தில் நிற்கச் சொல்லிக் கைகாட்டுகிறார். முதல் படத்தில் போதகர் முகம் விழவில்லையாம். யார் கையால் பெற்றோம் என்பது அன்றைக்கும் பெரிய விஷயமாகத்தான் இருந்திருக்கிறது. நான் பவுல் ஆள், நான் அப்பொல்லோ ஆள் என்று கொரிந்து சபை கட்சி கட்டியபோது பவுலுக்கு எரிச்சலே வந்துவிட்டது. கிறிஸ்புவுக்கும் காயுவுக்கும் தவிர உங்களில் எவருக்கும் கொடுக்காததற்குக் கடவுளுக்கு நன்றி என்று எழுதினார். எழுதியபின் ஸ்தேவான் வீட்டார் நினைவுக்கு வர, அவர்களையும் சேர்த்துக்கொண்டார். வேறு யாருக்காவது கொடுத்தேனா, ஞாபகமில்லை என்று அந்த விஷயத்தை அதோடு விட்டுவிட்டார்.