மூஞ்சூறின் காதில் இருக்கும் காய்ச்சல்

கணியம்பாடியைத் தாண்டி அமிர்தி போகும் வழியில், ஜவ்வாது மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றின் கொல்லைப்புறம். ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்ததில் வேலியோரப் புதர்கள் முழங்காலைத் தாண்டி வளர்ந்திருந்தன. பூச்சியியல் குழுவினர் முந்தின நாள் மாலை வைத்த பொறிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்கள். இரை மசால்வடை. பல பொறிகள் காலி. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இருந்ததில் மட்டும் கனம் தெரிந்தது. உள்ளே ஒரு மூஞ்சூறு.

“புள்ளையார் வாகனத்தைப் புடிச்சிட்டுப் போறீங்களே, பாவமில்லையா?” என்றார் அந்த வீட்டு மூதாட்டி.

“ஊர்ல காய்ச்சல் வருதில்ல ஆயா, அது எங்கிருந்து வருதுன்னு பாக்கத்தான்” என்றார் குழுவின் மூத்தவர்.

மயக்க மருந்து கொடுத்து, மூஞ்சூறின் காது மடலை விரித்து லென்ஸை என்னிடம் நீட்டினார்கள். மடலின் உட்புறத்தில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் நெருக்கமாக அப்பியிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு சிற்றுண்ணியின் லார்வா. நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். தென்னிந்தியாவில் ஸ்க்ரப் டைஃபஸ் என்ற இந்தக் காய்ச்சலைப் பரப்புவதில் முதன்மையானது லெப்டோட்ரோம்பிடியம் டெலியென்சி என்ற இனம். வளர்ந்த சிற்றுண்ணி மண்ணில் பூச்சி முட்டைகளைத் தின்று வாழும், யாரையும் கடிக்காது. ஆறு கால்களோடு திரியும் லார்வா மட்டுமே, பெரும்பாலும் வாழ்நாளில் ஒரே ஒரு முறை, எலியையோ மூஞ்சூறையோ மனிதரையோ கடித்துத் திசுச்சாற்றை உறிஞ்சுகிறது. அந்த ஒரு கடியில் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியா உடலுக்குள் போய்விடலாம். தாய்ச் சிற்றுண்ணியிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கும் போவதால், கிருமியைச் சுமப்பதும் காத்து வைப்பதும் சிற்றுண்ணியே. எலியை ஒழித்துவிட்டால் நோயும் போய்விடும் என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

லார்வாக்களை ஆல்கஹால் குப்பியில் சேர்த்து எடுத்துக்கொண்டு வேலூர் ஆய்வகத்துக்குப் போனோம். அங்கே ஓர் ஆய்வு மாணவி கணினித் திரையில் கிருமியின் வகைகள் கிளை கிளையாகப் பிரிந்த வரைபடம் ஒன்றைக் காட்டினார். பாக்டீரியாவின் மேற்பரப்பில் 56 கிலோடால்டன் எடையுள்ள புரதம் ஒன்று இருக்கிறது. நம் நோயெதிர்ப்பு மண்டலம் முதலில் அடையாளம் காண்பது அதைத்தான். வகைக்கு வகை அதிகமாக மாறுவதும் அதுதான். அதை உருவாக்கும் மரபணுவைப் படித்தே வகை பிரிக்கிறார்கள். கார்ப் வகை 1943இல் நியூகினியில் கிடைத்தது. கில்லியம் வகையும் அதே ஆண்டில்தான், அசாம்–பர்மா எல்லையில் கிடைத்தது. உலகப்போரின்போது அந்தக் காடுகளில் படைவீரர்களை இந்தக் காய்ச்சல் வாட்டியெடுத்தது. காட்டோ வகை பின்னர் ஜப்பானிலிருந்து வந்தது. இம்மூன்றையும் அளவுகோலாக வைத்துத்தான் இன்றும் ஒப்பிடுகிறார்கள்.

வேலூர், சிம்லா, ஷில்லாங் நோயாளிகளின் மாதிரிகளை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வில், 60 சதவீதத்துக்குச் சற்று மேல் காட்டோவை ஒத்தவை. அடுத்த இடம் கார்ப் சாயலுக்கு. உலக அளவில் அதிகம் பேசப்படுவது கார்ப். நம் நாட்டு மண்ணின் கணக்கு வேறாக இருக்கிறது.

இத்தனை வகை எப்படி வந்தது என்று கேட்டேன். “இதோட ஜீனோமே அப்படித்தான் சார்” என்றார் மாணவி. சுமார் 21 லட்சம் எழுத்துகள் கொண்ட அந்த மரபுத்தொகுதியில், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே துண்டுகள் திரும்பத் திரும்ப வருபவை. துண்டுகள் இடம் மாறுகின்றன. வகைகள் ஒன்றோடொன்று மரபணுக்களைக் கலந்துகொண்டதற்கும் தடயங்கள் உள்ளன. காலையில் பார்த்த காதுமடலில் லார்வாக்கள் தோளோடு தோள் ஒட்டியிருந்ததன் பொருள் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அருகருகே கடிக்கும்போது கிருமி ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்குத் தாவவும் வாய்ப்பு உண்டு.

இது ஆய்வகத்தோடு முடிகிற விஷயமல்ல. ஒரு வகையால் காய்ச்சல் வந்து தேறியவருக்கு அதே வகைக்கு எதிராக ஓரளவு பாதுகாப்பு இருக்கும். வேறு வகைக்கு எதிரான பாதுகாப்போ சில மாதங்களில் கரைந்துவிடும். புல்லறுக்கப் போகும் பெண்ணுக்கு மறுபடியும் இது வரலாம். இன்றுவரை தடுப்பூசி இல்லாததற்கு இது முக்கியக் காரணம். ரத்தப் பரிசோதனைக் கிட்டில் பூசியிருக்கும் புரதம் நம் ஊரில் திரியும் வகையோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதும் முடிவைப் பாதிக்கும். ஆகவே ஊர் ஊராகச் சென்று மரபணுவைப் படிப்பதை வீண் செலவு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

மாலையில் மருத்துவமனை வார்டில், காய்ச்சலோடு படுத்திருந்த விவசாயக் கூலிப் பெண் ஒருவரின் உடலில் மருத்துவர் அக்குள், மார்பின் அடி, இடுப்புக் கயிறு இறுகும் இடம் என்று பொறுமையாகத் தேடினார். சிற்றுண்ணி கடித்த இடத்தில் உண்டாகும் பொருக்கு வலிக்காததால், அதை நோயாளிகளே கவனிப்பதில்லை. இடுப்பு மடிப்பில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு இருந்தது. அதில் சிறு துண்டு ஆய்வகத்துக்குப் போனது. ரத்தத்தைவிடப் பொருக்கில்தான் கிருமியின் மரபணு நன்றாகக் கிடைக்கும்.

வகை எதுவென்று தெரிய நாளாகும். அதுவரை மருத்துவர் காத்திருக்கவில்லை. பென்சிலின் வகை மருந்துகள் இந்தக் கிருமியிடம் எடுபடாது. டாக்ஸிசைக்ளினை அன்றிரவே தொடங்கச் சொல்லிவிட்டு, “ரெண்டு நாள்ல காய்ச்சல் இறங்கிடும்மா” என்று சொல்லி அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.