அவகாசம் கேட்டவர்களில் நானும் ஒருத்தி

2015இல் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் கொடுத்த வாக்குறுதிகளை நிறைவேற்ற, 2017 மார்ச் 23ஆம் திகதி ஜெனீவாவில் இலங்கை அரசாங்கத்துக்கு மேலும் இரண்டு வருட கால அவகாசம் கிடைத்தது. அதைக் கொடுக்கும்படி எழுதியவர்களில் நானும் ஒருத்தி. யாரும் என்னை வற்புறுத்தவில்லை. விபரம் தெரியாமல் எழுதவும் இல்லை. அவகாசம் கொடுக்க வேண்டாம் என்று கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் சொன்னதை நேரில் கேட்டு, குறித்துக்கொண்டு வந்த பிறகுதான் எழுதினேன். இத்தனை வருடமும் இதைப் பற்றி யாராவது கேட்டால் 'அன்றைய சூழல் அப்படி' என்று சொல்லித் தப்பி வந்திருக்கிறேன். சூழலை விளக்கலாம். ஆனால் எழுதியது என் கை.

2015 ஜனவரி 8இல் ராஜபக்சக்களின் ஆட்சி மாறியபோது வடக்கில் எங்களுக்கு முதலில் கிடைத்தது மூச்சு. அதற்கு முன் ஒரு வீட்டுக்குப் போய் வாக்குமூலம் எடுத்தால், நாங்கள் படலையைத் தாண்டுவதற்குள் புலனாய்வுக்காரர் அந்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆட்சி மாறிய பிறகு ஆட்கள் கூட்டங்களுக்கு வந்தார்கள், பெயர் சொல்லிப் பேசினார்கள். அந்த வருடம் செப்டம்பரில் ஐ.நா. மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் அலுவலகத்தின் விசாரணை அறிக்கை வந்தது. ஒக்டோபர் 1ஆம் திகதி மனித உரிமைகள் பேரவையில் 30/1 தீர்மானம் நிறைவேறியது. அதற்கு இலங்கையே இணை அனுசரணை வழங்கியது. உண்மை கண்டறியும் ஆணைக்குழு, காணாமல் போனோர் அலுவலகம், இழப்பீட்டு அலுவலகம், வெளிநாட்டு நீதிபதிகளும் வழக்குத் தொடுநர்களும் பங்கேற்கும் நீதிப் பொறிமுறை என நான்கு வாக்குறுதிகள் அதில் இருந்தன. 2009 மே மாதம், போரின் முடிவில் முள்ளிவாய்க்காலில் சனம் செத்த மண் காய்வதற்குள், இதே மனித உரிமைகள் பேரவை 29 வாக்குகளால் இலங்கை அரசாங்கத்துக்குச் சாதகமான தீர்மானத்தை நிறைவேற்றியது. அதைப் பார்த்தவர்களுக்கு 30/1 எவ்வளவு பெரிய மாற்றமாகத் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நான் நம்பினேன். நம்பியதைப் பிழை என்று இன்றும் சொல்ல மாட்டேன்.

கொழும்பில் ஒரு தொண்டு நிறுவனத்தில் எனக்கு வேலை. வன்னிக்கும் கிழக்குக்கும் போய்ப் பாதிக்கப்பட்டவர்களிடம் பேசி, தூதரகங்களுக்கும் ஜெனீவாவில் இருக்கும் நாடுகளின் பிரதிநிதிகளுக்கும் ஆங்கிலத்தில் இரண்டு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு பக்கத்துக்கு மேல் போனால் அவர்கள் படிக்க மாட்டார்கள் என்பார்கள். படித்தவர்கள் அந்தக் குறிப்பிலிருந்து ஒரு வரியைத் தங்கள் உரையில் சேர்த்துக்கொள்வார்கள். அப்படி ஒரு வரி பேரவையின் மண்டபத்தில் ஒலிக்கும்போது, செய்த வேலைக்குப் பலன் இருப்பதாகத் தோன்றும்.

2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். நாலு நாள் கழித்து வவுனியாவிலும் தொடங்கியது. மார்ச் தொடக்கத்தில் நான் கிளிநொச்சிக்குப் போனேன். ஏ9 வீதியோரம் தறப்பாள் கொட்டகை. கயிற்றில் வரிசையாகப் படங்கள் தொங்கின. முல்லைத்தீவுப் பக்கத்து அம்மா ஒருவர் தன் பொலித்தீன் பையைத் திறந்து, உள்ளே இருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பாயில் வைத்தார். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, செஞ்சிலுவைச் சங்கத்தின் கடிதம், மனித உரிமைகள் ஆணைக்குழு கொடுத்த இலக்கம், நல்லிணக்க ஆணைக்குழுவில் சாட்சியம் சொன்ன துண்டு, பரணகம ஆணைக்குழுவில் சொன்னதற்கு இன்னொரு துண்டு. எல்லாம் மடிப்பில் கிழிந்து, செலோரேப் போட்டு ஒட்டியிருந்தது. எந்தத் தாள் எந்த வருடத்தது என்பதை அவர் பார்க்காமலே சொன்னார். போர் முடிவில் மகனை வட்டுவாகலில் இராணுவத்திடம் தானே ஒப்படைத்தவர் அவர்.

"பிள்ளை, நான் கையில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய்க் குடுத்தனான். குடுத்தவையிட்டத்தானே கேக்க ஏலும்? அவையளுக்கே இன்னும் ரண்டு வருசம் குடுத்தா நான் ஆரிட்டப் போய்க் கேக்கிறது? ஜெனீவாக்குப் போறாக்களிட்ட இதை அப்பிடியே சொல்லு. எங்களுக்கு நேரமில்லை. எங்கட ஆக்கள் ஒவ்வொருத்தராச் செத்துக்கொண்டிருக்கினம்."

இதை அவர் சொன்னபடியே குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன். கொழும்புக்குத் திரும்பி நான் தயாரித்த இரண்டு பக்கத்தில் இது இல்லை. 'முன்னேற்றத்தின் வேகம் குறித்துக் குடும்பங்கள் கவலை கொண்டுள்ளன. ஆயினும் 2015க்குப் பிறகு உருவான வெளியைப் பாதுகாக்க வேண்டும் என அவர்கள் கருதுகின்றனர்' என்பதே நான் ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம். முதல் பாதி அவர் சொன்னதைத் தண்ணீர் விட்டுக் கலக்கியது. மறுபாதியை அந்தக் கொட்டகையில் ஒருவரும் சொல்லவில்லை. அது என் கருத்து. அதை அவர்களின் வாயில் வைத்தேன்.

அதே குறிப்பில் இன்னொன்றும் செய்தேன். கேப்பாப்புலவு பிலக்குடியிருப்பு மக்கள் தங்கள் காணிக்காக ஜனவரி 31 தொடங்கி ஒரு மாதம் விமானப்படை முகாம் வாசலில் குழந்தை குட்டிகளோடு வெயிலிலும் பனியிலும் கிடந்தார்கள். மார்ச் 1ஆம் திகதி காணி விடுபட்டது. அதை 'அரசாங்கத்தின் நல்லெண்ண நடவடிக்கை' என்ற தலைப்பின் கீழ் சேர்த்தேன். அந்தச் சனத்தின் வெற்றியைத் தூக்கி, அவர்கள் யாரோடு போராடினார்களோ அவர்களுக்கே புள்ளியாகப் போட்டுக் கொடுத்தேன்.

ஏன் இப்படிச் செய்தேன் என்பதற்கு என்னிடம் முதலில் ஒரு கௌரவமான பதில் இருந்தது. நெருக்கினால் அரசாங்கம் கவிழும், ராஜபக்சக்கள் திரும்பி வருவார்கள், வந்தால் பேசவே முடியாமல் போகும். இந்தப் பயம் பொய்யல்ல. ஆனால் அந்த அரசாங்கத்தைக் காப்பாற்றும் செலவைப் பிள்ளையைத் தொலைத்த தாயின் தலையில் கட்ட எனக்கு எந்த உரிமையும் இல்லை. அவரிடம் கேட்காமலே கட்டினேன்.

இரண்டாவது காரணம் சம்பளம். 'நிலைமாறுகால நீதி' என்ற பெயரில்தான் அந்தக் காலத்தில் எங்களுக்கு நிதி வந்தது. மாற்றம் நடக்கவில்லை என்று எழுதினால் அந்தத் திட்டம் எதற்கு? இதை அலுவலகத்தில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

மூன்றாவதைச் சொல்லத்தான் இவ்வளவு காலம் பிடித்தது. தூதரகத்திலிருந்து அழைப்பு எடுத்து, தீர்மான வரைவுக்கு முன் 'நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்' என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி என்னிடம் வர வேண்டும் என்று நான் விரும்பினேன். அவர்களின் அரசுகள் அவகாசம் கொடுக்க ஏற்கனவே முடிவு செய்திருந்தன; அதற்குத் தமிழர் ஒருவரின் சம்மதம் தேவைப்பட்டது. அது எனக்கு அப்போதே புரிந்தது. நியாயமாகப் பேசக்கூடிய ஆள் என்ற பெயரை இழக்க விரும்பாமல் கொடுத்தேன். ஒரு கூட்டத்தில், கிளிநொச்சித் தாய்மாரின் கோரிக்கை பற்றிப் பேச்சு வந்தபோது, 'அவர்களுக்குப் பின்னால் அரசியல் இருக்கிறது' என்றும் சொன்னேன். அந்த மேசையில் அந்தத் தாய்மாரில் ஒருவரும் இல்லை. நான் செய்ததில் மிகக் கேவலமானது இதுதான்.

கண்ணைக் கட்டிக்கொண்டிருந்தேன் என்றும் சொல்ல முடியாது. வெளிநாட்டு நீதிபதிகள் வேண்டாம் என்று ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 2016 ஜனவரியிலேயே பிபிசிக்குச் சொல்லிவிட்டார். காணாமல் போனோர் அலுவலகச் சட்டம் 2016 ஓகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியும், அதற்கு ஆணையாளர்கள் நியமிக்கப்பட்டது 2018 பெப்ரவரி முடிவில். அந்த அலுவலகத்தின் கண்டறிதல்களால் யாருக்கும் குற்றவியல் பொறுப்போ குடியியல் பொறுப்போ ஏற்படாது என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது. மனோரி முத்தெட்டுவேகம தலைமையிலான கலந்தாலோசனைச் செயலணி நாடு முழுவதும் 7,306 பேரின், குழுக்களின் கருத்துகளைத் திரட்டி 2017 ஜனவரி 3ஆம் திகதி அறிக்கை கொடுத்தது. அதை வாங்க ஜனாதிபதியும் வரவில்லை, பிரதமரும் வரவில்லை. முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க வாங்கினார். அந்த நிகழ்வுக்கு இரண்டரை மாதம் கழித்து நான் 'அரசியல் விருப்பம் இருக்கிறது' என்று எழுதினேன்.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். 2017 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் ஜிஎஸ்பி பிளஸ் ஏற்றுமதி வரிச் சலுகையைத் திருப்பிக் கொடுத்தது. நீக்குவதாகச் சொல்லப்பட்ட 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அதற்குப் பிறகும் ஆட்களைப் பிடித்தார்கள். 2019 மார்ச்சில் ஜெனீவாவில் இன்னும் இரண்டு வருடம். நவம்பரில் கோட்டாபய ராஜபக்ச ஜனாதிபதியானார். காணாமல் போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று 2020 ஜனவரியில் ஐ.நா. பிரதிநிதியிடம் சொன்னார். பெப்ரவரியில் இணை அனுசரணையிலிருந்து இலங்கை விலகியது. மார்ச்சில், மிருசுவிலில் ஐந்து வயதுக் குழந்தை உட்பட எட்டுப் பேரைக் கொன்ற வழக்கில் மரண தண்டனை பெற்றிருந்த இராணுவச் சிப்பாய்க்குப் பொதுமன்னிப்பு கிடைத்தது. படாத பாடு பட்டு வந்த ஒரு தீர்ப்பும் போயிற்று.

அவகாசம் கொடுக்காமல் விட்டிருந்தால் நீதி கிடைத்திருக்குமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கிடைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேட்க வேறொன்று இருந்தது. சிரியாவில் நடந்த குற்றங்களுக்கான சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்க 2016 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஒரு பொறிமுறையை உருவாக்கியிருந்தது. மூன்று மாதம் கழித்து எங்களுக்கும் அதைப்போல ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கலாம். அரசாங்கம் சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் சாட்சியங்களாவது தப்பியிருக்கும். இலங்கைக்கு அப்படி ஒரு சான்று திரட்டும் பணியை உயர்ஸ்தானிகர் அலுவலகத்திடம் ஒப்படைக்க 2021 மார்ச் 46/1 தீர்மானம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் போனது நாலு வருடம். நாலு வருடத்தில் ஒரு வயோதிபத் தாயின் ஞாபகம் என்னாகும், அவர் உயிரோடு இருப்பாரா என்பதை அந்தப் பொலித்தீன் பையைப் பார்த்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த அம்மா 46/1 வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். வட்டுவாகலில் மகனைப் பொறுப்பெடுத்த அதிகாரியின் முகத்தை அடையாளம் காட்ட முடியும் என்று என்னிடம் சொன்னவர் அவர்.

அவரிடம் மன்னிப்புக் கேட்க முடியவில்லை. பின்னர் ஒரு தடவை கிளிநொச்சிக் கொட்டகைக்குப் போய், மற்றவர்களிடம் நான் எழுதியதைச் சொன்னேன். ஓர் அம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, "அது எங்களுக்கு அப்பவே தெரியும் பிள்ளை. இப்ப எங்களுக்கு என்ன செய்து தரப்போறாய்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. வேலை இருக்கிறது, செய் என்ற தொனி. இப்போது அந்தக் குடும்பங்களின் சத்தியக்கூற்றுகளை முழுதாக, அவர்கள் சொன்ன வரிசையிலேயே எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. இரண்டு பக்கக் கட்டுப்பாடு கிடையாது.

இப்போது இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2024 செப்டம்பரில் மறுபடி ஆட்சி மாறியது. 2025இல் செம்மணி மனிதப் புதைகுழியில் 200க்கும் மேற்பட்ட மனித எலும்புக்கூடுகளைத் தோண்டி எடுத்தார்கள். சிறு பிள்ளைகளின் எலும்புகளும் அதில் உண்டு. உயர்ஸ்தானிகர் வொல்கர் டேர்க் நேரில் வந்து பார்த்தார். ஒக்டோபரில் பேரவை மீண்டும் ஒரு தீர்மானம் நிறைவேற்றி, சான்று திரட்டும் பணியை இரண்டு வருடம் நீடித்தது. அரசாங்கம் வெளிப் பொறிமுறை எதையும் ஏற்க மறுக்கிறது. கொழும்பிலோ, இது வேறு மாதிரியான அரசாங்கம், கொஞ்சம் பொறுங்கள் என்ற பேச்சு திரும்பத் தொடங்கியிருக்கிறது. நான் உட்கார்ந்த கதிரைகளில் இன்று உட்கார்ந்திருப்பவர்கள் கெட்டிக்காரப் பிள்ளைகள். அந்தப் பேச்சை அவர்களின் வாயிலும் கேட்டேன்.

அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அரசாங்கத்துக்கு நேரம் கொடுப்பது சரி என்று நீங்கள் உண்மையாகவே நினைத்தால், அதை உங்கள் பெயரைப் போட்டு, உங்கள் கருத்து என்று எழுதுங்கள். தாய்மார் சொன்னதை முதல் பக்கத்தில், அவர்கள் சொன்னபடியே போடுங்கள். அவர்கள் சொல்லாத ஒரு வரியையும் அவர்கள் சொன்னதாக எழுதாதீர்கள்.