தந்தையாரும் மூன்று ஏக்கரும்

திருகோணமலை என்றதும் வெளியூரார் உள்ளத்திலே தோன்றுவன துறைமுகமும் கோணேசர் கோயிலுமே. கந்தளாய்க் குளத்து நீர் பாயும் தம்பலகாமத்து வயல்வெளியை அறிந்தோர் குறைவு. அவ்வெளியிலே எங்களுக்கு மூன்று ஏக்கர் உண்டு. வார நாள்களில் நான் நகரில் எழுதுவினைஞன். சனியும் ஞாயிறும் 78 வயதான என் தந்தையாரின் கையாள். உழைப்பிற் பாதி என்னுடையது. தீர்மானம் முழுவதும் அவருடையது.

விதைநெல்லை ஒரு நாள் ஊறவைத்து வடித்து, இரண்டு நாள் சாக்கில் மூடிவைப்போம். முளையைக் காணும் கூர்மை அவர் கண்ணுக்கு இப்பொழுது இல்லை. சாக்கினுள் முழங்கைவரை கையை நுழைப்பார். சூட்டைக் கொண்டே, "நாளை விதைக்கலாம், தம்பி" என்பார். அந்தச் சூட்டின் அளவு எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டதை நேயர்கள் மறந்திரார். சாணத்தையும் சீமைக்கிளுவைத் தழையையும் இட்டு முயன்றோம், விளைச்சல் பாதியாயிற்று. "புட்டிப்பாலில் வளர்ந்த பிள்ளைக்குத் திடீரென்று கஞ்சி ஊற்றினால் தேறுமா? மொட்டைக்கறுப்பன் என்றால் தாங்கியிருக்கும்" என்றார். பசளையை எதிர்பார்த்து உருவாக்கப்பட்ட புதிய நெல்லினங்களைப்பற்றி இதைவிடத் தெளிவாக எவரும் எனக்குச் சொன்னதில்லை. நவம்பரில் தடை நீங்கியது. ஆனால் அந்தப் பெரும்போகத்துக்கு அது பிந்திய உதவி.

எங்கள் வீட்டில் வழக்கு இப்பொழுது வேறு. 1986 ஏப்ரல் 20 ஆம் திகதி விடியுமுன் கந்தளாய்க் குளத்தின் அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அன்று தொட்டு, மழை கொட்டும் இரவுகளில் தந்தையார் உறங்குவதில்லை. கைவிளக்கை எடுத்துக்கொண்டு வரம்பில் இறங்கிவிடுவார். யானை வரும் வெளி அது. அவருக்கோ காது மந்தம். "குத்தகைக்குக் கொடுத்துவிட்டு நகருக்குக் கூட்டிக்கொண்டு போ" என்று அக்கா தொலைபேசியிற் கண்டிப்பாள். அம்மா ஒன்றும் சொல்லாமல் வாசலிலே விழித்திருப்பாள்.

ஒரு வாரம் கூட்டிவந்தும் பார்த்தேன். கடற்கரையில் இருத்தினேன். மான்களும் மக்களும் உலவும் அழகிய இடம். "உப்புத் தண்ணியைப் பார்த்து என்ன செய்வது?" என்று கேட்டு, மேற்கே கறுத்த வானத்தையே நோக்கியிருந்தார். நான்காம் நாள் பேருந்தேறிவிட்டார்.

குத்தகைக்கு நான் உடன்படவில்லை. போர் ஆண்டுகளில் இருமுறை இடம்பெயர்ந்து, திரும்பிவந்து, பற்றை வெட்டி மீட்ட நிலம் அது. அவர் உயிரோடிருக்க அதிலே பிறர் விதைப்பதை அவர் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆயினும் வரம்பில் அவர் வழுக்கி விழுந்து கிடந்தால் விடியும்வரை எவரும் அறியார் என்பதும் உண்மையே.

சென்ற மாதம் ஓர் உடன்பாடு கண்டோம். இரவு நீர் என் பொறுப்பு. வெள்ளி மாலையே நான் வந்துவிடுவேன். மற்ற இரவுகளுக்குப் பக்கத்து வயற்காரரின் மகன், கூலிக்கு. தந்தையார் குடிலில் இருந்தபடி கட்டளையிடலாம். முதல் இரவே, மடையைக் கட்டிவிட்டு நான் திரும்புகையில், அவர் பாதி வரம்பு வந்து நின்றார். "வெளிச்சம் காட்ட வந்தேன்" என்றார்.

சிறுபோகத்துக்கு நீர் எத்தனை ஏக்கருக்கு என்று முடிவுசெய்யும் ஆரம்பக் கூட்டத்துக்கு இம்முறை என்னையும் வரச் சொல்லியிருக்கிறார். அங்கே பேசப்போவது யார் என்பது இன்னும் தீரவில்லை.