வில்லனின் முகம்

இன்று விரலசைவில் கைப்பேசியில் தோன்றும் சாகச வீரர்கள், ஒரு காலத்தில் வாரம் ஒரு முறைதான் தரிசனம் தந்தார்கள்! இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், சித்திரக்கதை வீரர்களை வைத்து அமெரிக்காவில் தொடர்படங்கள் எடுத்தனர். வாரம் ஒரு பாகம். வீரன் மரணத்தின் வாயிலில் நிற்கையில் அந்த வாரப் பாகம் முடிந்துவிடும். பிழைத்தானா என்றறிய மறுவாரமும் டிக்கெட் வாங்க வேண்டும்! 1941-இல் கேப்டன் மார்வெல், 1943-இல் பேட்மேன், 1944-இல் கேப்டன் அமெரிக்கா என வரிசையாக வந்தனர். ராணி காமிக்ஸில் நம் பெற்றோர் விரும்பிப் படித்த மாயாவியும் 1943-இலேயே 15 பாகங்களில் திரையேறியவன்தான்.

பேட்மேன் தொடரின் வில்லன் டாக்டர் டாக்கா என்னும் ஜப்பானியன். நடித்தவரோ ஜே. கரோல் நைஷ் என்ற ஐரிஷ் வம்சாவளி அமெரிக்கர். போர்க்காலத்தில் எதிரி நாட்டவன் வில்லனாவது வியப்பன்று. ஆனால் முதல் பாகத்திலேயே, அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினரைப் பிடித்துச் சென்ற அரசை விவேகமுள்ள அரசு என்று பின்னணிக் குரல் பாராட்டுகிறது! அவ்வாறு முகாம்களில் அடைக்கப்பட்டவர் சுமார் 1,20,000 பேர். மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். பள்ளிப் பிள்ளைகளும் இருந்தனர். அவர்கள் செய்த குற்றம்தான் என்ன? பிறந்த இனம் ஒன்றே! 1988-இல் அமெரிக்க அரசு சட்டம் இயற்றி மன்னிப்புக் கேட்டது.

தமிழ்த் திரையும் இதற்கு விலக்கன்று. 1945-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'பர்மா ராணி'யில், இயக்குநர் டி. ஆர். சுந்தரம் தாமே ஜப்பானிய அதிகாரியாக நடித்தார்.

பழங்கதைதானே என்று ஒதுக்க என்னால் இயலவில்லை. 2015 வெள்ளத்திற்குப் பின் ஆற்றங்கரைகளிலிருந்து பெரும்பாக்கத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களுள் எங்கள் குடும்பமும் ஒன்று. பேருந்தில் "எந்த ஊர்மா?" என்று அன்பாகக் கேட்ட ஓர் அம்மையார், "பெரும்பாக்கம், எட்டு மாடி வீடு" என்றதும் கைப்பையை இறுக்கிக்கொண்டார். அதன்பின் அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. விலாசமே போதுமாயிருந்தது!

எங்கள் பிளாக்கிலும் இதே கதைதான். தோளில் துண்டைக் கட்டிக்கொண்டு பறக்கும் தம்பிமாரின் விளையாட்டில், கடைசியாகக் குடிவந்த பையனே எப்போதும் வில்லன். "அவன் என்னடா தப்பு பண்ணினான்?" என்று என் தம்பியைக் கேட்டேன். "அவன் புதுசு, அக்கா" என்றான்.

நம் ஆண்டவர் இயேசு சொன்ன உவமையில், அடிபட்டுக் கிடந்தவனைக் காத்த வீரன் யார்? மக்கள் வெறுத்து ஒதுக்கிய சமாரியன் அல்லவா?

தோழியரே, சாகசப் படங்களைப் பார்ப்போம், கைதட்டி மகிழ்வோம். ஆனால் வில்லன் என்று ஒருவரைக் காட்டும்போது, "இவர் செய்தது என்ன?" என்று கேட்கப் பழகுவோம். தீய செயலை வெறுக்கலாம். முகத்தையும் விலாசத்தையும் கண்டு மனிதரை வெறுத்தல் தகாது.