வீட்டுக்குச் சக்கரம்

பேசின் பிரிட்ஜ்வாசிகளுக்கு ரயில் என்றால் ஒரு சலிப்பு உண்டு. சென்ட்ரலை நோக்கி வரும் வண்டிகள் கைகாட்டிக்காக நம் பேட்டையிலேயே காத்து நிற்பதையும், பிரயாணிகள் மூட்டை முடிச்சுடன் கதவருகே பெருமூச்சு விடுவதையும் வருஷம் முழுதும் பார்க்கிறோம் அல்லவா? ஆகவே சென்ற ஆடி மாதம் தெற்கே புறப்பட்டபோது, ஒரு 'கேரவனை' வாடகைக்கு அமர்த்தினோம். சினிமா நட்சத்திரங்கள் இளைப்பாறுவார்களே, அந்த இனத்து வண்டி. நான்கு படுக்கை, அடுப்பு, பாத்திரம் கழுவத் தொட்டி எல்லாம் உண்டு. "இனி ஒருவருக்கும் பாரமாக இருக்க வேண்டாம்" என்று நம் வீட்டு எஜமானி பெருமிதம் கொண்டாள்.

உறவினர் நிறைந்த தேசத்தில் அது நடக்கிற காரியமா? விழுப்புரத்துச் சித்தப்பா இட்லிப் பொட்டலத்தை ஏற்றிவிட்டார். மதுரை மாமாவோ, "வீட்டைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் நிறுத்தியிருக்கிறீரே, எங்களை அவமானப்படுத்தவா?" என்று கேட்டுவிட்டுப் பாயை விரித்தார். அடுப்பு பற்றவேயில்லை.

விருதுநகரில் காமராஜர் இல்லம் கண்டோம். 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தவருடைய வீடு நம் வண்டியைவிடச் சற்றே பெரிது என்று குழந்தைகள் அபிப்பிராயப்பட்டார்கள். ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. நினைவு இல்லம். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட அந்த மகான், 1912-இல் சிறை மீண்டபின் நம் பேட்டைக்கு அடுத்த பெரம்பூரிலும் சில காலம் வறுமையோடு குடியிருந்தார். அங்கே வாழும் நமக்கு இது முன்பே தெரிந்திருந்தும், அவர் ஊரில் நின்று நினைத்தபோதுதான் நெஞ்சு கனத்தது.

பிறகு எட்டயபுரம் திரும்பினோம். 1882-இல் பாரதியார் பிறந்த வீட்டைச் சர்க்கார் பெருக்கி மெழுகிக் காக்கிறது. வாசகர்களின் நன்கொடையால் எழுந்து 1947-இல் திறக்கப்பட்ட மணிமண்டபமும் அவ்வூரில் இருக்கிறது. சில தெருக்கள் தள்ளியிருக்கும் நம் அத்தை வீட்டைப் பெருக்க அத்தை ஒருத்திதான். எண்பது வயது. பிள்ளைகள் கடல் கடந்து போய்விட்டார்கள். தை பிறந்தால் வீடு கைமாறுகிறது, அச்சாரமும் வாங்கியாயிற்று. இதைச் சொல்லும்போது அத்தை நம் முகத்தைப் பார்க்கவில்லை. கிணற்றுக் கயிற்றைச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

"குத்தாலத்துல சாரல் விழுதாமே. என்னையும் கூட்டிட்டுப் போறியால?" என்றாள்.

ஐந்தருவியில் பெண்கள் பக்கம் அவளை எஜமானி கைப்பிடித்து அழைத்துச் சென்றாள். அரைமணி கழித்துத் திரும்பியபோது அத்தை நடுங்கிக்கொண்டே சிரித்தாள். பேரருவியில் அன்று வெள்ளம் மிகுந்திருந்ததால் குளிக்கத் தடை. பொங்குமாங்கடலில் விழுந்து பொங்கி வழியும் தண்ணீரைத் தூரத்தில் நின்றே தரிசித்தோம். இரவு தென்காசியில் உறவினர் ஒருவருமில்லை. வண்டியிலேயே படுத்தோம். அத்தை படுக்கையைத் தடவிப் பார்த்து, "ஒருத்திக்கு இம்புட்டு போதும்" என்றாள்.

விடியற்காலையில் ஏதோ சரசரப்பு. வண்டிக்குள் அத்தை பெருக்கிக்கொண்டிருந்தாள். ஊரிலிருந்து விளக்குமாறும் கொண்டு வந்திருக்கிறாள்! வெளியே எட்டிப் பார்த்தோம். படிக்குக் கீழே, தார் ரோட்டின் மேல், சின்னதாக ஒரு கோலம். அதன்மேல் சக்கரம் ஏறாமல் வண்டியை எடுக்க டிரைவர் வழி பார்த்துக்கொண்டிருந்தார்.