ஒரத்துப்பாளையக் கரையில்

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கும் நொய்யலைக் காண அண்மையில் ஒரத்துப்பாளையம் சென்றிருந்தேன். பாசனத்திற்கென்று 1992-இல் திறக்கப்பட்ட அணை அங்குள்ளது. அதில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் வந்து தேங்கிற்று. ‘அணையைத் திறக்கவேண்டாம்’ என்று உழவர்களே மன்றாடும் நிலை வந்தது. சுற்றுப்புறக் கிணறுகளும் உவர்த்தன. கழிவுநீரை வெளிவிடாத முறையை நிறைவேற்றாத பட்டறைகளை மூடுமாறு 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. சுத்திகரித்த நீரையே மீண்டும் பயன்படுத்தும் முறை அதன்பின் வலுப்பெற்றது. எனினும், மண்ணில் ஊறிய உப்பு எளிதில் அகலுவதில்லை.

கரையில் நின்றபோது நம் ஆலயத்துத் திருமுழுக்குத் தொட்டி நினைவுக்கு வந்தது. அங்கே குழந்தைக்கு நாம் அணிவிக்கும் வெள்ளாடையும் ஏதோவொரு சலவைப் பட்டறையில் வெளுக்கப்பட்டதன்றோ! நம் உடை வெண்மையுற ஆறு கறைபட்டது. அன்பர்களே, இருக்கும் உடையைப் பேணி உடுத்துவதும் ஒரு தவமே.