ஜீரோவுக்கு அடுத்த எண்

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை. மாடிப்படிக்குக் கீழே, ஆள் ஒருவர் திரும்ப மட்டுமே இடமுள்ள அறை. சுவரில் மருத்துவமனையின் எல்லா போன்களையும் இணைக்கும் இ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டி, பக்கத்தில் குரோன் பட்டைகள், கொத்துக்கொத்தாக ஜம்பர் கம்பிகள். எந்தக் கம்பி எந்த வார்டுக்குப் போகிறது என்று மார்க்கர் பேனாவால் எழுதி வைத்திருந்தார் டெக்னீஷியன்.

வெளியிலிருந்து வரும் லைன்களுக்கான புதிய ட்ரங்க் கார்டைப் பொருத்தியதிலிருந்து ஒரு தொல்லை. அழைத்தவர் வைத்துவிட்ட பிறகும் லைன் விடுபடுவதில்லை. அடுத்து அழைப்பவருக்கு எப்போதும் 'பிஸி'. அவர் டெஸ்ட் போனின் கிளிப்புகளைப் பட்டையில் மாட்டிக் கண்ணை மூடிக் கேட்டார். "எக்ஸ்சேஞ்ச் டோன் கொடுக்குது சார். கார்டுக்குத்தான் அது புரியல."

நம் நாட்டில் பிஸி டோன் 400 ஹெர்ட்ஸ். முக்கால் விநாடி ஒலி, முக்கால் விநாடி மௌனம். அமெரிக்காவிலோ 480, 620 ஹெர்ட்ஸ் ஒலிகள் சேர்ந்து அரை விநாடி ஒலித்து அரை விநாடி ஓயும். கார்டு அமெரிக்க அமைப்பிலேயே வந்திருந்தது. நம் டோன் காதில் விழுந்தும் 'அழைப்பு முடிந்தது' என்று அதற்குத் தெரியவில்லை. போர்ட் அமைப்பில் நாட்டை மாற்றினார், லைன் விடுபட்டது. அவசரத்துக்கு அழைப்பவர் காத்துக்கிடக்கும் இடத்தில் இந்தக் கால் விநாடி வித்தியாசம் எவ்வளவு பெரியது!

கடினமான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. வார்டு போன்களில் எஸ்.டி.டி. எனப்படும் வெளியூர் அழைப்பு கூடாது என்பது நிர்வாகத்தின் உத்தரவு. ஒரு காலத்தில் இது ஒரே வரி: ஜீரோவில் தொடங்கினால் தடு. 2021 ஜனவரி 15 முதல் தரைவழி போனிலிருந்து மொபைலுக்கு அழைக்க முன்னால் ஜீரோ சேர்க்க வேண்டும் என்றானது. அன்றோடு அந்த ஒற்றை வரி செத்தது. ஜீரோவைத் தடுத்தால் நோயாளியின் மகனைக் கூப்பிட முடியாது. திறந்தால் எல்லா ஊரும் திறந்துவிடும்.

அதனால் வரிவரியாக எழுதுகிறார். ஜீரோ: தடை. 09: அனுமதி. 08-இல்தான் சிக்கல். 080 என்பது பெங்களூரு. 80-இல் தொடங்கும் மொபைல்களும் உண்டு. ஆகவே 08 அனுமதி, பெங்களூருவின் தரைவழி எண்கள் பல தொடங்கும் 0802 தடை. "நிறைய எண் பொருந்துற வரி எதுவோ, அதுதான் ஜெயிக்கும்" என்றார். வெளிநாட்டுக்கான 00 எல்லோருக்கும் பூட்டு. இரவில் யாராவது இ.பி.ஏ.பி.எக்ஸுக்குள் நுழைந்து வெளிநாட்டு எண்களுக்கு அழைப்புகளைத் தள்ளினால், பில் வந்த பிறகுதான் தெரியும். அவசர எண்களான 108, 112 இரண்டும் எந்த எக்ஸ்டென்ஷனிலும் பூட்டுக்கு உட்படாது. அவற்றைத்தான் முதலில் எழுதினார்.

இப்படி ஒரு தாளில் வரிசை எழுதுபவரை நாம் கவனிப்பதேயில்லை. யாருடைய அழைப்பு போய்ச் சேரும் என்பதை அன்றாடம் முடிவு செய்பவர் அவர்.

கிளம்பும் நேரத்தில் பிரசவ வார்டிலிருந்து சிஸ்டர் கூப்பிட்டார். "அண்ணே, இந்தம்மாவோட அப்பா பெங்களூர்ல இருக்கார். வீட்டு நம்பர்தான் இருக்கு, போக மாட்டேங்குது." நிர்வாக அதிகாரியிடம் கேட்டு, அந்த எக்ஸ்டென்ஷனுக்கு மட்டும் 0802-ஐத் திறந்தார். தேதியும் காரணமும் நோட்டில் ஏறின.